முள்மரத்தடியில் இன்னொரு ஊர்: அயர்லாந்தின் ‘நல்லவர்கள்’

1999இல் அயர்லாந்தின் மேற்கே, கிளேர் மாவட்டத்தில் ஒரு நெடுஞ்சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. லட்டூன் என்ற இடத்தில், சாலை போகவேண்டிய வழியில் ஒற்றை முள்மரம் ஒன்று நின்றது. ஹாதார்ன் என்ற வகை. அந்த நாட்டு வேலிகளில் எங்கே பார்த்தாலும் இருக்கும். காசு பெறாத மரம். எட்டி லெனிஹன் என்ற கதைசொல்லி அதை வெட்டக்கூடாது என்று பத்திரிகைகளில் எழுதினார். மன்ஸ்டர் மாகாணத்து ‘அவர்கள்’, அதாவது ஆங்கிலத்தில் ஃபேரி என்று சொல்லும் மாய மக்கள், கொனாக்ட் மாகாணத்து ‘அவர்களோடு’ சண்டைக்குப் போகும்போது கூடும் இடம் அது, வெட்டினால் அந்தச் சாலையில் விபத்துகள் நடக்கும் என்று அவர் எச்சரித்தார். செய்தி நியூயார்க் டைம்ஸ் வரை போனது. கடைசியில் மாவட்ட நிர்வாகம் மரத்தை விட்டுவைத்தே சாலையைப் போட்டது.

இந்தக் கதையைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. ஒரு மரத்துக்காக ஒரு சாலை ஏன் வழிவிட்டது என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனால், ஆயிரம் ஆண்டுக்கும் மேலான ஒரு உடன்படிக்கையில் போய் நிற்கிறோம். பாலும் தானியமும் பற்றிய உடன்படிக்கை அது.

அதற்கு முன்னால் சொல் விஷயம் ஒன்று. ஃபேரி என்பதற்குத் தமிழில் ‘தேவதை’ என்று எழுதிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லைப் போட்டதும் சிறகும் மந்திரக்கோலும் வெள்ளை உடையும் கூடவே வந்துவிடுகின்றன. அவையெல்லாம் விக்டோரியா கால இங்கிலாந்தின் சிறுவர் புத்தகங்களும் நாடக மேடையும் தந்த அலங்காரம். அயர்லாந்து கிராமத்தில் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொன்ன கதைகளில் சிறகு கிடையாது. பல கதைகளில் அவர்களுக்கு நம் உயரம்தான். மாடு வைத்திருப்பார்கள், வெண்ணெய் கடைவார்கள், சந்தைக்கு வருவார்கள், கல்யாணம் செய்வார்கள், பிணத்தைத் தூக்கிக்கொண்டும் போவார்கள். சந்தையில் உங்கள் தோளில் இடித்துக்கொண்டு போகிறவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஐரிஷ் மொழியில் அவர்களுக்குப் பெயர் ‘ஈஸ் ஷீ’. ‘ஷீ’ என்றால் மேடு, மண்ணால் ஆன குன்று. மேட்டில் வாழும் மக்கள். பழைய ஐரிஷில் ‘சமாதானம்’ என்பதற்கும் இதே சொல்தான். இரண்டும் ஒரே வேரா என்பதை மொழியியலாளர்களிடம் விட்டுவிடலாம். ஆனால் கேட்கிற காதுக்கு இரண்டும் ஒன்றாக ஒலித்தன என்பது முக்கியம்.

இந்தப் பெயரையும் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘நல்லவர்கள்’, ‘மேன்மக்கள்’, ‘அந்தக் கூட்டம்’, சில சமயம் வெறுமனே ‘அவர்கள்’. நமக்கு இது புரியாத பழக்கமல்ல. கொத்தினால் ஆளைக் கொல்லும் பாம்புக்கு நாம் ‘நல்ல பாம்பு’ என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம். அந்த ‘நல்ல’தான் இந்த ‘நல்ல’வும். அவர்கள் நல்லவர்கள் என்பதால் வந்த பெயரல்ல. நம்மிடம் நல்லபடியாக நடந்துகொள்ளட்டும் என்பதற்காக வந்த பெயர்.

பாலுக்கும் தானியத்துக்கும் ஒரு சமாதானம்

அயர்லாந்தின் துறவிகள் கிறிஸ்தவர்கள். ஆனால் தங்கள் மூதாதையர் கதைகளை எரித்துவிடாமல் எழுதி வைத்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘படையெடுப்புகளின் நூல்’ தீவுக்கு அடுத்தடுத்து வந்தவர்களின் வரலாற்றைச் சொல்கிறது. துவாஹா டே டானன் என்ற மந்திர வல்லமை கொண்ட கூட்டம் தீவை ஆண்டது. பிறகு மீல் என்ற தலைவனின் மக்கள் வந்தார்கள். அவர்கள்தான் இன்றைய ஐரிஷ் மக்களின் முன்னோர் என்பது அந்த நூலின் கணக்கு. சண்டையில் துவாஹா டே தோற்றார்கள். தோற்றவர்கள் கப்பலேறிப் போகவில்லை. மண்ணுக்குக் கீழே போனார்கள். நிலத்தின் மேல்பாதி வென்றவர்களுக்கு, கீழ்ப்பாதி தோற்றவர்களுக்கு.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 12ஆம் நூற்றாண்டு ஏடான லெய்ன்ஸ்டர் நூலில் இருக்கும் ஒரு சின்னக் கதை. தோற்ற பிறகும் துவாஹா டேயின் தலைவர் தாக்தாவிடம் வல்லமை குறையவில்லை. மீலின் மக்களுடைய பயிர் கெட்டது, பால் கெட்டது. வேறு வழியில்லாமல் அவர்கள் தாக்தாவோடு சமாதானம் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் அவர்களுக்குத் தானியமும் பாலும் தங்கின என்கிறது கதை. போரில் ஜெயித்தவன் தோற்றவனிடம் போய், ‘என் மாடு பால் கறக்க நீ சம்மதிக்க வேண்டும்’ என்று நிற்கிறான். அயர்லாந்து கிராமத்தார் பிறகு கடைப்பிடித்த நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வழக்கங்களை இந்த உடன்படிக்கையின் சரத்துகளாகவே நான் வாசிக்கிறேன்.

அதே கதையில் தாக்தா எல்லா மேடுகளையும் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார். அவருடைய மகன் ஏங்கஸ் தாமதமாக வருகிறான். தனக்கு எதுவும் இல்லை என்றதும், ‘சரி, உங்கள் வீட்டை ஒரு பகலும் ஒரு இரவும் கொடுங்கள்’ என்று கேட்கிறான். கொடுக்கிறார். மறுநாள் காலி செய்யச் சொன்னால், ‘உலகமே பகலும் இரவுமாகத்தானே நடக்கிறது, எனக்குக் கொடுத்ததும் அதுதான்’ என்கிறான். வீடு அவனுடையதாகிவிட்டது. அந்த வீடு இன்றும் இருக்கிறது. பாய்ன் ஆற்றங்கரையில், நியூகிரேஞ்ச் என்ற பெயரில். கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்ட கல்லறை மேடு அது, கிசா பிரமிடுகளைவிடப் பழையது. ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று சூரியன் உதிக்கும்போது, வாசலுக்கு மேலே விட்டிருக்கும் திறப்பு வழியாக ஒளி உள்ளே நுழைந்து கடைசி அறைவரை போகிறது. அகழாய்வு செய்த மைக்கேல் ஓ’கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று உள்ளே உட்கார்ந்து அதைப் பார்த்தார். சூரியன் உள்ளே வருமாம் என்று சுற்றுவட்டாரத்தில் வழங்கிவந்த பேச்சு ஏற்கெனவே அவர் காதில் விழுந்திருந்தது. பகலும் இரவும் பற்றிய கதை, பகலும் இரவும் திரும்பும் நாளுக்காகக் கட்டிய மேட்டைச் சுற்றி வளர்ந்திருப்பது தற்செயலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நினைக்கும்போதெல்லாம் மயிர்க்கூச்செறிகிறது.

நியூகிரேஞ்ச் பெரிய இடம். சாதாரண விவசாயிக்கு ‘அவர்கள்’ வாழ்ந்தது இன்னும் பக்கத்தில். கோட்டை என்று ஊரார் சொல்லும் வட்ட மண்மேடுகள் அயர்லாந்து முழுக்கச் சுமார் 45,000 இருக்கின்றன. பெரும்பாலானவை கி.பி. 500க்கும் 1000க்கும் இடையில் வாழ்ந்த விவசாயக் குடும்பங்களின் வீட்டு வளாகங்கள். மண்கரையும் அகழியும் இரவில் மாட்டைக் காப்பதற்கு. சிலவற்றில் தரைக்கு அடியில் கல் பாவிய சுரங்க அறைகளும் உண்டு. கட்டியவர்கள் யார் என்பதை ஊர் மறந்துபோனது. வட்டமும் சுரங்கமும் மட்டும் எஞ்சின. கீழே யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றுவதற்கு அந்தச் சுரங்கம் ஒன்றே போதும். இப்படி ஊருக்கு ஊர் கோட்டை இருக்கும் நாட்டில், மறு உலகம் என்பது கடலுக்கு அப்பால் எங்கோ இருப்பதல்ல. அது பக்கத்து வீடு.

கால் கழுவிய தண்ணீர்

பக்கத்து வீட்டாரோடு எப்படி நடந்துகொள்வோமோ அப்படித்தான் விதிகளும். இரவில் அழுக்குத் தண்ணீரை வாசலில் கொட்டும் முன் ‘தள்ளிக்கோங்க’ என்று குரல் கொடுக்க வேண்டும், யார் மேலாவது படலாம். கறக்கும் பாலில் முதல் பீய்ச்சல் தரைக்கு. சாராயம் காய்ச்சினால் முதல் சொட்டு அவர்களுக்கு. படுக்கப் போகும்முன் அடுப்பங்கரையைப் பெருக்கி, நெருப்பைச் சாம்பலால் மூடி, நல்ல தண்ணீர் வைத்துவிட்டுப் போக வேண்டும், அவர்கள் வந்து குளிர்காயலாம். புது வீடு கட்டும்முன் நான்கு மூலையிலும் கல் அல்லது குச்சி வைத்து ஓர் இரவு விட வேண்டும். காலையில் கலைந்திருந்தால் அது அவர்கள் நடக்கும் பாதை, இடத்தை மாற்றிக்கொள். மேற்குப் பக்கம் மட்டும் வீட்டை நீட்டாதே.

மே மாதம் முதல் நாள் எல்லோருக்கும் பயம். அன்று காலை வீட்டிலிருந்து நெருப்போ பாலோ வெளியே கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் ஆண்டு முழுக்க வெண்ணெய் அதோடு போய்விடும். மஞ்சள் பூக்களைப் பறித்து நிலைப்படியில் போட்டு வைப்பார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவதற்கு முன்னால் ஒன்றை யோசிக்க வேண்டும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்தின் தெற்கே சிறு விவசாயி நிலக்குத்தகை கட்டியதே வெண்ணெய் விற்ற காசில்தான். 1770இல் தொடங்கிய கார்க் நகர வெண்ணெய்ச் சந்தை கடல் கடந்தும் விற்றது. கடைந்து கடைந்து வெண்ணெய் திரளாத ஒரு மாதம் வந்தால் குத்தகை பாக்கி. பாக்கி விழுந்தால் வீட்டைவிட்டுத் துரத்தல். வெண்ணெய் ஏன் திரளவில்லை என்பதற்கு, அந்தக் குடும்பத்திடம் வேறு விளக்கம் எதுவும் இருக்கவில்லை.

கால் கழுவிய தண்ணீருக்கு வருவோம். வயலிலிருந்து வந்து எல்லோரும் ஒரே பாத்திரத்தில் கால் கழுவுவார்கள். அந்தத் தண்ணீரை இரவு வீட்டுக்குள் வைக்கக்கூடாது. வைத்தால் வெளியே இருப்பவர்கள் கூப்பிடும்போது அந்தத் தண்ணீரே எழுந்து கதவைத் திறந்துவிடும். 19ஆம் நூற்றாண்டுக் கதைகளில் வரும் இந்த நம்பிக்கையின் அண்ணனை ‘நேராவின் பயணம்’ என்ற பழைய ஐரிஷ் கதையில் பார்த்தபோது நான் அசந்துபோனேன்.

சௌயின் இரவு, அதாவது அக்டோபர் கடைசி இரவு. ராஸ்காமன் மாவட்டத்து ராத்குரோகனில் அரசன் அலிலும் அரசி மேவும் கொப்பரையில் உணவு வேகக் காத்திருக்கிறார்கள். வெளியே முந்தைய நாள் தூக்கிலிட்ட இரண்டு கைதிகள் தொங்குகிறார்கள். ‘யார் போய் ஒருவன் காலில் கொடி சுற்றிவிட்டு வருகிறீர்கள்?’ என்று அரசன் பந்தயம் வைக்கிறான். நேரா போகிறான். பிணம் பேசுகிறது: தாகமாக இருக்கிறது, தூக்கிக்கொண்டு போ. முதுகில் சுமந்து போகிறான். முதல் வீட்டைச் சுற்றி நெருப்பு வளையம். நெருப்பை ஒழுங்காக மூடி வைக்கும் வீடு, நுழைய முடியாது. இரண்டாவது வீட்டைச் சுற்றித் தண்ணீர் வளையம். கழுவிய தண்ணீரை இரவில் விட்டுவைக்காத வீடு, அதிலும் முடியாது. மூன்றாவது வீட்டில் கழுவிய தண்ணீர் அப்படியே கிடக்கிறது. பிணம் உள்ளே போய்க் குடித்துவிட்டு, கடைசி வாயைத் தூங்குகிறவர்கள் மேல் துப்புகிறது. எல்லோரும் சாகிறார்கள். நூற்றாண்டுகளுக்குப் பிறகும் பாட்டிமார்கள் பேத்திகளிடம் ‘தண்ணியைக் கொட்டிட்டு நெருப்பை மூடிட்டுப் படு’ என்று சொன்னதற்குப் பின்னால் இந்தப் பிணம் நிற்கிறது.

கதை அதோடு முடியவில்லை. பிணத்தைத் தூக்கு மரத்தில் விட்டுவிட்டு நேரா திரும்புகிறான். அரண்மனை எரிந்து கிடக்கிறது, தலைகள் குவிந்து கிடக்கின்றன. எரித்துவிட்டுப் போகும் படையின் பின்னால் நடந்து, ராத்குரோகனின் குகை வழியாக மேட்டுக்குள் போய்விடுகிறான். அங்கே விறகு சுமக்கும் வேலை, ஒரு மனைவி. அவள் சொல்கிறாள்: நீ பார்த்தது இன்னும் நடக்காதது, போய் எச்சரிக்காவிட்டால் நடக்கும். ‘நான் சொன்னால் நம்புவார்களா?’ ‘கோடைக்காலத்தின் பூவை எடுத்துக்கொண்டு போ.’ காட்டுப்பூண்டும் பிரிம்ரோஸும் பொன்னிறப் பெரணியும் கையிலெடுத்துக்கொண்டு வெளியே வருகிறான். வெளியே குளிர்கால வாசல். கொப்பரையில் உணவு இன்னும் வெந்துகூட முடியவில்லை. பூவைப் பார்த்ததும் எல்லோரும் நம்புகிறார்கள். கடைசியில் படை போய் மேட்டைக் கொள்ளையடிக்கிறது. நேரா தன் குடும்பத்தோடு உள்ளேயே தங்கிவிடுகிறான், உலகம் முடியும்வரை வெளியே வரமாட்டான். அந்தக் குகை இப்போதும் இருக்கிறது. பூனைகளின் குகை என்று பெயர். வேலியோரப் புதருக்கு அடியில், தவழ்ந்து நுழைகிற அளவுக்குச் சின்ன வாய்.

காலம் அங்கே வேறு விதமாக ஓடுகிறது என்பதைப் பலரும் ஒஷீன் கதையில்தான் கேட்டிருப்பார்கள். நீவ் என்ற பெண்ணோடு வெள்ளைக் குதிரையில் இளமையின் நாட்டுக்குப் போகிறான். சில ஆண்டுகள்தான் இருந்ததாக நினைக்கிறான். திரும்பி வந்தால் 300 ஆண்டு ஓடிவிட்டிருக்கிறது. குதிரையிலிருந்து விழுந்து மண்ணைத் தொட்டதும் கிழவனாகிறான். அழகான கதைதான். ஆனால் எனக்கு நேரா கதைதான் உயர்ந்தது. ஒஷீன் கதையில் மறு உலகம் தொலைவில், கடலுக்கு அப்பால். நேரா கதையில் அது வீட்டின் பின்புறம், அதே ஊரின் கோடைக்காலம்.

ரத்தம் இல்லாதவர்கள்

அவர்களிடம் மாடு இருக்கிறது, பொன் இருக்கிறது, சாகாத இளமை இருக்கிறது. பிறகு எதற்காக நம்மைத் தேடி வருகிறார்கள்? இந்தக் கேள்வியில்தான் இந்த நம்பிக்கை முழுவதும் தொங்குகிறது.

அவர்களுக்கு ரத்தம் இல்லை. ஹர்லிங் என்ற மட்டை விளையாட்டில் இரண்டு கூட்டங்களும் மோத வேண்டுமானால், உயிருள்ள மனிதன் ஒருவனாவது களத்தில் நிற்க வேண்டும். அதனால் ஊரின் நல்ல ஆட்டக்காரனை இரவில் கூப்பிட்டுப் போகிறார்கள். பிரசவம் பார்க்க மனுஷி மருத்துவச்சி வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்க மனுஷி தாய் வேண்டும். மருத்துவச்சி கதையைக் கேட்காத ஊரே கிடையாது. நள்ளிரவில் குதிரைக்காரன் ஒருவன் வந்து ஒரு மாளிகைக்குக் கூட்டிப்போகிறான். பிறந்த குழந்தையின் கண்ணில் தடவச் சொல்லி ஒரு தைலம் தருகிறார்கள். தெரியாமல் தன் ஒரு கண்ணிலும் அவள் தடவிக்கொள்கிறாள். சில நாள் கழித்துச் சந்தையில் அதே குதிரைக்காரனைப் பார்த்து, ‘அம்மாவும் பிள்ளையும் சௌக்கியமா?’ என்று விசாரிக்கிறாள். ‘சௌக்கியம். எந்தக் கண்ணால் என்னைப் பார்க்கிறாய்?’ ‘இதால்.’ அந்தக் கண் போகிறது.

அவர்கள் யார் என்பதற்குக் கிறிஸ்தவ ஊரார் சொன்ன பதில் வேறு. சொர்க்கத்தில் கலகம் நடந்தபோது கடவுள் பக்கமும் சேராமல் சாத்தான் பக்கமும் சேராமல் நின்ற வானவர்கள் அவர்கள். நரகத்துக்குத் தகுதியில்லை, சொர்க்கத்தில் இடமில்லை. பாதி வழியில் விழுந்தவர்கள் நிலத்திலும் கடலிலும் காற்றிலும் தங்கிவிட்டார்கள். இதை ஒட்டி ஒரு கதை. இருட்டில் போய்க்கொண்டிருக்கும் பாதிரியாரை அவர்கள் நிறுத்தி, ‘தீர்ப்பு நாளில் எங்களுக்கு மீட்பு உண்டா?’ என்று கேட்கிறார்கள். ‘உங்கள் பெயரை எழுதும் அளவுக்கு ஒரு சொட்டு ரத்தம் உங்கள் உடம்பில் இருந்தால் உண்டு’ என்கிறார் அவர். அவர்கள் அழும் ஓலம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிறது. ஊரைப் பயமுறுத்துகிறவர்களுக்காக ஊரே இரக்கப்பட்டுச் சொன்ன கதை இது. இதைப் படித்த பிறகு அவர்களை வெறும் பேய் பிசாசு வரிசையில் வைக்க என்னால் முடியவில்லை.

(பன்ஷீ பற்றிக் கேட்பீர்கள். ‘பென் ஷீ’ என்றால் மேட்டுப் பெண். பழைய ஐரிஷ் குடும்பங்களில் சாவு நேரும் முன் அழுகிறவள். யாரையும் கொல்கிறவள் அல்ல, முன்கூட்டியே ஒப்பாரி வைக்கும் உறவுக்காரி போன்றவள். லெப்ரகான் சுற்றுலாக் கடைகளில் நிறைய விற்கிறது. அவனை அங்கேயே விட்டுவிடுவோம்.)

போனவர்கள், மாறியவர்கள்

அவர்கள் யாரைக் கொண்டுபோனார்கள் என்று பாருங்கள். பிரசவித்து ஒரு வாரமான தாய். நன்றாகப் பிறந்து, பிறகு வளராமல் மெலியும் குழந்தை. ஊரே கண்வைக்கும் அழகான இளம்பெண். அதாவது எந்தச் சாவை ஏற்கவே முடியாதோ அந்தச் சாவுகள். ‘செத்துப்போனாள்’ என்பதற்குப் பதில் ‘அவள் அங்கே இருக்கிறாள்’ என்று சொல்லும் வழி இது. படுக்கையில் கிடப்பது அவளல்ல, அவளைப் போலச் செய்துவைத்த உருவம்; நிஜமானவள் மேட்டுக்குள் யாருக்கோ பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சௌயின் இரவில் அவர்கள் குதிரையில் வரும்போது குறுக்குச் சாலையில் நின்று, அவளைப் பிடித்து இழுத்தால் மீட்டுவிடலாம். நம்பிக்கை கொடுக்கும் கதை. ஆனால் படுக்கையில் கிடப்பவள் உயிரோடு இருந்தால்?

1826இல் கெர்ரி மாவட்டத்தில் ஆன் ரோச் என்ற வயதான பெண்மேல் வழக்கு நடந்தது. நிற்கவும் பேசவும் முடியாத நான்கு வயதுச் சிறுவன் ஒருவனை, அவன் உடம்பிலிருந்து ‘அவர்களை’ வெளியேற்றுவதற்காக, ஃபிளெஸ்க் ஆற்றில் முக்கினார். மூன்றாம் நாள் காலை சிறுவன் இறந்தான். கொல்லும் நோக்கம் இல்லை என்று அவர் விடுதலையானார்.

1895இல் டிப்பரேரி மாவட்டத்து பாலிவாட்லியாவில் நடந்தது இன்னும் கொடுமை. பிரிஜெட் கிளியரிக்கு வயது 26. தையல் தொழில், சொந்தமாகத் தையல் இயந்திரம், கோழி வளர்ப்பில் தனி வருமானம். அந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு அது பெரிய சுதந்திரம். மார்ச் தொடக்கத்தில் முட்டை கொடுத்துவிட்டு வரும் வழியில் குளிர் கண்டு படுத்தாள். டாக்டர் வந்தார், பாதிரியார் வந்தார், மூலிகைக்காரரிடமிருந்து மருந்தும் வந்தது. படுத்திருப்பது அவளல்ல என்று கதை தெரிந்த உறவுக்காரர் ஒருவர் சொன்னார். கணவன் மைக்கேல், பீப்பாய் செய்கிறவன், அதைப் பிடித்துக்கொண்டான். மார்ச் 14 இரவு உறவினர்கள் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொள்ள, கசப்பு மூலிகையை வாயில் ஊற்றி, ‘நீ என் மனைவியா?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மறுநாள் இரவு அவன் அவளைக் கீழே தள்ளி விளக்கிலிருந்த மண்ணெண்ணெயை ஊற்றி எரித்தான். பிறகு பக்கத்து மண்கோட்டையில் கறுப்புப் பிடி போட்ட கத்தியோடு இரவுகள் காத்திருந்தான், அவள் வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று. மார்ச் 22 அன்று போலீசார் உடலைக் கண்டெடுத்தார்கள். அவனுக்கு 20 ஆண்டு தண்டனை.

அவன் உண்மையிலேயே நம்பினானா, அல்லது குழந்தையில்லாத, தன் காலில் நிற்கும் மனைவிமேல் இருந்த கோபத்துக்கு நம்பிக்கை ஒரு மொழி கொடுத்ததா? இரண்டையும் பிரிக்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். ‘பக்கத்து வீட்டார்’ என்ற கதையில் எவ்வளவு நாகரிகம் இருந்ததோ, அவ்வளவு ஆபத்தும் இருந்தது. அந்த வீட்டிலிருந்து எதிர்ப்புக் குரல் எழுப்பியிருக்க வேண்டியவர்கள் அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லண்டன் பத்திரிகைகளில் சில இதைக் காட்டி, அயர்லாந்துக்காரர்களுக்குத் தன்னாட்சி கொடுக்கலாமா என்று எழுதின. ஒரு பெண்ணின் சாவு அரசியலுக்கு விறகானது. அவளுடைய பெயரை வைத்துக் குழந்தைகள் பாட்டும் கட்டிப் பாடினார்கள்.

மண்கோட்டைகளுக்கு இன்னொரு பயன் இருந்தது. அதைப் பற்றி ஊரில் மெதுவாகத்தான் பேசுவார்கள். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தையைத் தேவாலயத்தின் புனித மண்ணில் புதைக்கக்கூடாது என்பது சபையின் விதி. அந்தக் குழந்தைகளைத் தகப்பன் இரவில் தூக்கிக்கொண்டு போய்த் தனியிடத்தில் புதைப்பார். கிலீன் என்று அந்த இடங்களுக்குப் பெயர். பல கிலீன்கள் இந்த வட்ட மேடுகளுக்குள்தான் இருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இது நடந்தது. சொர்க்கமும் இல்லாமல் நரகமும் இல்லாமல் நடுவில் நிற்கும் குழந்தை, அதே மாதிரி நடுவில் நிற்கும் மக்களின் நிலத்தில். அந்த மேட்டில் கைவைக்காதே என்று ஒரு கிழவர் சொன்னால், அவர் தன் தங்கையைப் பற்றியும் சொல்லியிருக்கலாம்.

1845 முதல் சில ஆண்டுகள் உருளைக்கிழங்கு அழுகி, பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ‘பசிப்புல்’ என்ற நம்பிக்கை அந்தக் காலத்தோடு ஒட்டிக்கொண்டது: சில இடத்துப் புல்லை மிதித்தால் நடக்கமுடியாத பசி வந்து விழுந்துவிடுவாய், அதனால் பையில் ஒரு துண்டு ரொட்டி வைத்துக்கொள். பசியில் விழுந்து செத்தவர்கள் கிடந்த இடத்தில் முளைத்த புல் அது என்றும் சொல்வார்கள்.

இதையெல்லாம் நாம் இன்று படிக்க முடிவதற்குக் காரணம் 1935இல் அரசு அமைத்த அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம். ஷேமஸ் ஓ டூலார்கா தலைமையில் சேகரிப்பாளர்கள் மெழுகு உருளைப் பதிவுக்கருவியைத் தூக்கிக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார்கள். 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளில் 50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள், பெற்றோரிடமும் தாத்தா பாட்டியிடமும் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஏறக்குறைய 7,40,000 பக்கம். இன்று அவை இணையத்தில் கிடைக்கின்றன. பிள்ளைகளின் எழுத்து அழகாக, சாய்வாக இருக்கிறது. எங்கள் வயலில் ஒரு கோட்டை இருக்கிறது, அதில் ஒரு மரம், அதை வெட்டப் போனவருக்குக் கை வீங்கியது. இப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். கண்டவர் யார் என்பதைவிட எந்த வயல் என்பதில் பிள்ளைகள் கவனமாக இருக்கிறார்கள்.

1973இல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபின் விவசாயத்தில் பணம் புரண்டது, புல்டோசர் வந்தது, கோட்டைகள் நிறையத் தரைமட்டமாயின. ஆனாலும் இத்தனை ஆயிரம் தப்பியிருப்பதில் சட்டத்துக்குப் பங்கு உண்டு. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் பயம் மட்டும்தான் காவல். தொல்லியலாளர்கள் இதை நன்றியோடு ஒப்புக்கொள்வார்கள். நம்புகிறீர்களா என்று கேட்டால் கிராமத்தில் ஒரு பதில் வரும் என்பார்கள்: ‘நான் நம்பவில்லை. ஆனால் அவர்கள் இருக்கிறார்கள்.’ 2017இல் கெர்ரியின் நாடாளுமன்ற உறுப்பினர் டேனி ஹீலி-ரே, தன் பகுதிச் சாலை ஒன்று திரும்பத் திரும்பப் பள்ளம் விழுவதற்குப் பக்கத்திலுள்ள கோட்டைகளைக் காரணம் காட்டினார். பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், கோட்டையில் கைவைக்கமாட்டேன் என்றார்.

ஹாதார்ன் மே மாதம் வெள்ளையாகப் பூக்கும். பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்று தாய்மார்கள் விடமாட்டார்கள். அந்தப் பூவில் இருக்கும் டிரைமெத்திலமீன் என்ற வேதிப்பொருள் அழுகத் தொடங்கும் உடலிலும் உண்டாகிறது. பிணத்தை வீட்டிலேயே வைத்து இரவெல்லாம் விழித்திருந்த மக்களுக்கு அந்த வாசனை தெரியும்.

லட்டூன் மரத்தை 2002இல் ஓர் இரவு யாரோ மோட்டார் ரம்பம் கொண்டு அறுத்துவிட்டார்கள். கிளை ஒன்றுகூட மிஞ்சவில்லை, அடிமரம் மட்டும் நின்றது. யார் செய்தது என்று தெரியவில்லை. பட்டுப்போகும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். மரம் மறுபடி துளிர்த்தது. லிமரிக்குக்கும் கால்வேக்கும் இடையே ஓடும் லாரிகள் இப்போதும் அதைத் தாண்டித்தான் போகின்றன.